தோமினிக் வத்தாரா யார்? அதிபரின் மனைவி என்பதற்கு மேல் அவருக்கு என்ன அடையாளம்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் அதிபர் அலசான் வத்தாராவின் மனைவி என்றே பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால் கணவர் அதிபராவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் சொந்தமாகத் தொழில் நடத்தியவர்.

1953-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிறந்த பிரெஞ்சுப் பெண். முதல் கணவருடன் ஐவரி கோஸ்டுக்கு வந்தார். 1979-இல் ரியல் எஸ்டேட் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நாட்டின் முதல் அதிபர் ஊஃபுவே-புவாஞி தன் சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார். அதிகாரத்துக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்து வளர்ந்ததால் விமர்சனங்களும் வந்தன. அது நியாயமான விமர்சனம்தான். என்றாலும் அவரது தொழில் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. முதல் கணவர் 1980-களில் இறந்துவிட, இரண்டு பிள்ளைகளோடு தொழிலையும் தொடர்ந்தார்.

1991-இல் அப்போது பிரதமராக இருந்த வத்தாராவை மணந்தார். அப்புறம் கணவர் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பதவிக்காக வாஷிங்டன் போனபோது, தோமினிக் அங்கே டெசாஞ்ச் என்ற பிரெஞ்சு அழகு நிலையத் தொழிலில் இறங்கினார். ஆப்பிரிக்காவில் நாஸ்டால்ஜி வானொலியையும் நடத்தினார்.

2011-இல் முதல் பெண்மணியானதும் நிறுவனப் பொறுப்புகளிலிருந்து விலகினார். உலகிலேயே அதிகமாகக் கொக்கோ விளையும் நாடு ஐவரி கோஸ்ட். அங்குள்ள கொக்கோ தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர் முறையைக் கண்காணிக்கும் தேசியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1998-இல் அவர் தொடங்கிய ‘ஆப்பிரிக்கக் குழந்தைகள்’ அறக்கட்டளை, அபிஜான் நகருக்கு அருகிலுள்ள பிங்கர்வில்லில் தாய்-சேய் மருத்துவமனை ஒன்றைக் கட்டியது. அது 2018-இல் திறக்கப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் முறை இன்னும் ஒழியவில்லை. கொக்கோ விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காதவரை எந்தக் குழுவும் தனியாக அதை ஒழித்துவிட முடியாது.