வியாழக்கிழமைக் கூட்டம்: ஓய்வுபெற்றோர் கற்றல் குழு குறித்த கேள்விகளும் பதில்களும்

ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்றோர் சிலர் சேர்ந்து வியாழக்கிழமைதோறும் காலை 10.30 மணி முதல் 12.30 மணி வரை ஒரு கற்றல் கூட்டம் நடத்திவருகிறோம். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான் 11 ஆண்டுகளாக அதை ஒருங்கிணைத்து வருகிறேன். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க விரும்புவோரும், தொடங்கிவிட்டு இடையில் தடுமாறுவோரும் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்தவரை விடை எழுதியிருக்கிறேன்.

இத்தகைய குழுக்கள் முதலில் எங்கே தோன்றின? கல்லூரி ஒன்றோடு இணைந்து நடத்துவது நல்லதா? (வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்)

1973-இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர், பல்கலைக்கழகத்தின் கதவை முதியோருக்குத் திறந்துவிட்டு அதற்கு ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்று பெயரிட்டார். இளமையும் உழைப்பும் முதல் இரு பருவங்கள், பணி ஓய்வுக்குப் பின் வருவது மூன்றாவது என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே பேராசிரியர்கள் கற்பித்தார்கள், முதியோர் கற்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் இந்த எண்ணம் பிரிட்டனுக்குச் சென்றபோது பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் அதை வேறு திசையில் திருப்பினார்கள். பல்கலைக்கழகமும் தேர்வும் பட்டமும் வேண்டாம். உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர், ஒருவருக்கொருவர் மாணவர் என்றார்கள். எங்கள் கூட்டம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது, தொடங்கியபோது அந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது என்றாலும்.

கல்லூரி இடம் தந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்களே வாரந்தோறும் வந்து பேசினால் நம்மவர்கள் வெறுமனே கேட்டுவிட்டுப் போகிறவர்களாக ஆகிவிடுவார்கள். மேலும், தேர்வுக் காலம் வந்தால் அறை கிடைக்காது, கூட்டம் இரண்டு மாதம் நின்றுபோகும். அப்படி நின்ற கூட்டத்தை மறுபடி கூட்டுவது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

ஆண்டுக்கு 50 வாரங்களுக்கும் பேச்சாளர்களை எங்கே தேடுவது? ஆறு மாதத்தில் எங்களுக்கு ஆளே கிடைக்காமல் போய்விட்டது. (கரூர்)

வெளியிலிருந்து புகழ்பெற்றவர்களை அழைக்கத் தொடங்கினால் ஆறு மாதத்தில் வறட்சி வருவது இயல்புதான். ஊரில் உள்ள மருத்துவர், வழக்கறிஞர், பட்டிமன்றப் பேச்சாளர் என்று வரிசை முடிந்ததும் அடுத்து யார் என்ற கேள்வி எழும். உங்கள் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு வேலையைச் செய்தவர்கள் அல்லவா? அந்த வேலையின் உள்விவரம் வெளியுலகுக்குத் தெரியாது. தேட வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். மூன்று ஆண்டுகள் தவறாமல் வந்தார். பேசச் சொன்னால் “எனக்கு என்னம்மா தெரியும், கொடி காட்டினேன், மணியடித்தேன்” என்று நழுவிவிடுவார். ஒருநாள் பேச்சுவாக்கில், ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமல் இருந்தது எப்படி என்று நான் கேட்டேன். அவர் உடனே ஒரு தாளை எடுத்து வரையத் தொடங்கிவிட்டார். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரு கருவிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு இரும்புப் பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. பந்தைத் தோல்பையில் இட்டுப் பிரம்பு வளையத்தில் கோத்து நீட்டினால், வண்டி நிற்காமல் போகும்போதே ஓட்டுநர் தரப்பில் ஒருவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். அடுத்த வியாழனன்று இதையே அவர் முக்கால் மணி நேரம் பேசினார். எத்தனையோ முறை அந்த வளையத்தைச் சன்னல் வழியே பார்த்திருந்தும், அதற்குள் அத்தனை உயிர்களின் பாதுகாப்பு இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே “நீங்கள் ஒரு தலைப்பில் பேசுங்கள்” என்று யாரையும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மனம் சுருங்கிவிடும். “உங்கள் வேலையில் எது தவறினால் பெரிய ஆபத்து?”, “புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு முதல் வாரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். பெல் ஆலையில் கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்தவரும், தபால் பிரித்தவரும், பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவரும் எங்கள் கூட்டத்தில் பேசியது இப்படித்தான். 40 நிமிடப் பேச்சு, 20 நிமிடக் கேள்வி என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள்.

பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். பேச்சில் குறையா? (ஓய்வுபெற்ற வட்டாட்சியர், புதுக்கோட்டை)

பேச்சில் குறை இருக்கலாம், ஆனால் முதலில் அறையைப் பாருங்கள். முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மங்கும். குரல் கேட்கும், ஆனால் சொற்கள் பிரிந்து தெளிவாக விழமாட்டா. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடினால் அதுவும் போய்விடும். கால் மணி நேரம் முயன்று பார்த்து அலுத்துப்போனவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நாம் அதைத் தூக்கம் என்கிறோம். பேச்சாளர் உரக்கக் கத்துவதால் பயனில்லை. முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, கேட்பவர்களைப் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். சிறிய கூட்டமானாலும் ஒலிவாங்கி வையுங்கள், வரிசையாக அன்றி அரைவட்டமாக நாற்காலி போடுங்கள், கைப்பிடி உள்ள நாற்காலிகளாகப் பாருங்கள். கழிப்பறை அதே தளத்தில் இல்லாத இடத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்ந்தெடுக்காதீர்கள். அதனாலேயே வராமல் இருப்பவர்கள் காரணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்காக 11.30 மணிக்கு ஒரு சிறு இடைவேளையும் சுண்டலும் அவசியம்.

இப்படிக் கற்றுக்கொண்டே இருந்தால் மறதி நோய் வராது என்கிறார்களே? (மதுரை)

அப்படி உறுதி சொல்லிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது சரியில்லை. 2024-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. செவித்திறன் குறைபாடு, சமூகத் தனிமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அவற்றுள் அடங்கும். வாரம் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே வந்து நாலு பேரோடு பழகுவது தனிமையைக் குறைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குமேல் வாக்குக் கொடுக்க நான் துணியமாட்டேன். ஒன்று மட்டும் செய்தோம். செவிக் கருவியை வாங்கி அலமாரியில் வைத்திருந்த உறுப்பினர்களை அதை அணிந்துவரும்படி வற்புறுத்தினோம். அவர்களுள் இருவர் இப்போது கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்குகிறார்கள்.

பேச்சைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்? முழங்கால் வலியுள்ளவர்களை வெளியே அழைத்துச் செல்ல முடியுமா? (திண்டுக்கல்)

மாதத்தில் இரண்டு வாரம் பேச்சு, ஒரு வாரம் சேர்ந்து வாசிப்பு, ஒரு வாரம் கைவேலை அல்லது பயணம் என்பது எங்கள் வழக்கம். பயணத்துக்கு முன்பு ஒரு வாரம் அந்த இடத்தைப் பற்றி யாராவது படித்துவந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது சுற்றுலாவாக முடிந்துவிடும்.

முழங்கால் வலி எங்களில் பெரும்பாலோருக்கு உண்டு. அதனால் மலைக்கோட்டை உச்சியை விட்டுவிட்டோம். திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவெள்ளறைக்குச் சென்றது எங்கள் பயணங்களில் மிகச் சிறந்தது என்பேன். அங்கே பெருமாள் கோயிலை ஒட்டி, மக்கள் நாலுமூலைக்கேணி என்று அழைக்கும் ஒரு கிணறு இருக்கிறது. நான்கு புறமும் படிகள் இறங்கித் திரும்புவதால் மேலிருந்து பார்க்க ஸ்வஸ்திகா வடிவில் தோன்றும். கீழே இறங்காமலே முழு அமைப்பையும் காணலாம் என்பது நம் கால்களுக்கு உதவி. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு, கம்பன் அரையன் என்பவர் இதைத் தோண்டுவித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

அந்தக் கல்வெட்டில் ஒரு பாடலும் உண்டு. மூப்பு வந்து உடலைத் தளரச் செய்வதற்கு முன், இருப்பதை உண்டு, மிஞ்சியதை உலகம் அறிய வைத்துவிடுங்கள் என்பது அதன் கருத்து. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் முந்தைய வாரமே அதை எழுத்தெழுத்தாகக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தார். 70 வயதைக் கடந்த முப்பது பேர் அந்தக் கிணற்றின் விளிம்பில் நின்று அதை மறுபடி ஒருமுறை சேர்ந்து சொன்னபோது, சிறிது நேரம் யாராலும் வேறு எதுவும் பேச முடியவில்லை.

கைப்பேசிப் பயிற்சி அளிக்கிறீர்களா? (கும்பகோணம்)

அளிக்கிறோம், ஆனால் பொதுவான வகுப்பாக அல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, அன்றைக்குத் தேவைப்படும் வேலை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்றிதழை நவம்பரில் அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதலே அளிக்கலாம். 2014-இல் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ முறையில் இப்போது கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து அளித்துவிடலாம். இதை அக்டோபரில் கற்றுக்கொடுத்தால் நினைவில் நிற்கும், மார்ச் மாதத்தில் கற்றுக்கொடுத்தால் நிற்காது. ஒருவருக்கு ஒருவர் என்று பக்கத்தில் உட்கார்ந்து, கற்பவர் விரலாலேயே எல்லாம் செய்விக்க வேண்டும். கைப்பேசியை வாங்கித் தாமே செய்துகொடுப்பது உதவியாகத் தோன்றினாலும் கல்வி ஆகாது.

மோசடி பற்றியும் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. காணொளி அழைப்பில் எந்தக் காவல் அதிகாரியும் யாரையும் கைது செய்ய முடியாது. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவர் பணத்தை இழந்தும் பிள்ளைகளிடம் சொல்ல அஞ்சி இரண்டு நாள் மறைத்திருந்தார். அந்த இரண்டு நாள்தான் அவருக்குப் பெரும் இழப்பு.

எங்கள் கூட்டத்துக்குப் பெண்களே வருவதில்லை. அழைத்தும் பார்த்துவிட்டோம். (ஈரோடு)

உங்கள் கூட்டம் மாலை 5 மணிக்கு நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில்தான் பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவார்கள், விளக்கேற்ற வேண்டும், இரவுச் சமையல் தொடங்கும். பெண்களுக்கு அறுபது வயதில் அலுவலகத்திலிருந்து ஓய்வு கிடைக்கலாம், அடுப்படியிலிருந்து கிடைப்பதில்லை. நாங்கள் 10.30 மணியைத் தேர்ந்தெடுத்தது காலைச் சமையலும் பள்ளி அனுப்புதலும் முடிந்த பிறகு வரட்டும் என்றுதான். நேரத்தை மாற்றிய பிறகு தனித்தனியாக அழைக்காமல், ஒரே தெருவில் உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அழையுங்கள். கணவரை இழந்தவர்கள் ‘யார் என்ன சொல்வார்களோ’ என்று தயங்குவது இன்றும் இருக்கிறது. துணைக்கு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் அந்தத் தயக்கம் பாதியாகும்.

மருந்து, சத்துமாவு விற்பவர்கள் இலவசமாகப் பேச வருகிறோம் என்கிறார்கள். அனுமதிக்கலாமா? (சேலம்)

வேண்டாம். ஒருமுறை அனுமதித்தோம். மூட்டுவலி பற்றிய பேச்சு என்று வந்தவர் இறுதியில் பெட்டியைத் திறந்து டப்பாக்களை அடுக்கினார், ஓய்வூதியத்தை நம்பி வாழும் சிலர் அன்று தேவையற்ற செலவு செய்தார்கள். அதன்பின், பேச வருபவர் எதையும் விற்கக் கூடாது, முகவரிப் பட்டியல் கேட்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கட்சிப் பிரசாரத்துக்கும் இதே விதி.

நான் வேலைக்கே போனதில்லை. எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். கேட்க மட்டும் வரலாமா? (82 வயது, திருவானைக்காவல்)

கட்டாயம் வாருங்கள் அம்மா. ஆனால் கேட்க மட்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்களைப் போலவே சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் சென்ற மார்கழியில் கோலம் பற்றிப் பேசினார். நேர்ப்புள்ளி (நடு வரிசையிலிருந்து இருபுறமும் இரண்டிரண்டாகக் குறைவது) 7 முதல் 1 வரை வைத்தால் மொத்தம் 25 புள்ளி, ஊடுபுள்ளி (இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைவது) 7 முதல் 4 வரை வைத்தால் 37 புள்ளி என்று அவர் தாள் பார்க்காமல் சொல்ல, கணித ஆசிரியராக இருந்த உறுப்பினர் கூட்டிப் பார்த்துச் சரி என்றார். பிறகு சிக்குக் கோலத்தில் கையை எடுக்காமல் ஒரே கம்பியாக முடிப்பது எந்தப் புள்ளிகளுக்கு வரும், எதற்கு வராது என்று அந்தக் கணித ஆசிரியர் கேட்ட கேள்விகளுக்கு அந்த அம்மா தரையில் போட்டுப் போட்டே விடை சொன்னார். அன்று கூட்டம் ஒரு மணிக்கும் முடியவில்லை.

நீங்கள் உங்கள் கடிதத்தில், சிறுவயதில் காவிரியில் வெள்ளம் வந்தபோது வீட்டில் நெல்லை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எனக்கு நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு முந்தைய வியாழக்கிழமையை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். நின்று பேச வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே சொல்லலாம், நான் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கிறேன். உங்களை அழைத்துவர அன்று 10 மணிக்கு ஆட்டோ வரும்.