சான் செபஸ்தியான் போனால் உன் ஸ்பானிஷ் கெட்டுப்போகாது

தங்கைக்கு,

சலமாங்காவில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, விடுமுறையில் நான்கு நாள் தனியாக, வட ஸ்பெயினின் கடலோர ஊரான சான் செபஸ்தியான் போக ஆசை என்று எழுதியிருக்கிறாய். "அங்கே பாஸ்க் மொழிதான் பேசுவார்கள், கற்ற கொஞ்சமும் குழம்பிவிடும்" என்று உடன் படிப்பவர் யாரோ பயமுறுத்தியிருக்கிறார். முட்டை மட்டும் சாப்பிடும் சைவக்காரி பட்டினி கிடக்க நேருமா என்றும் கேட்டிருக்கிறாய். நான் தூத்துக்குடிக்காரன். பதினான்கு ஆண்டுகளாக, அதே பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோவில் குடியிருக்கிறேன். இங்கிருந்து அந்த ஊர் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். எத்தனை முறை போனேன் என்று கணக்கு வைத்ததில்லை. தயங்காமல் போ.

முதலில் மொழிக் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். ஊருக்கு அதிகாரபூர்வமாகவே இரண்டு பெயர்: டொனோஸ்தியா, சான் செபஸ்தியான். தெருப்பலகை, பஸ் அறிவிப்பு எல்லாவற்றிலும் இரண்டு மொழியும் இருக்கும். ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் ஸ்பானிஷில் பேசினால் ஸ்பானிஷில் பதில் வரும். பாஸ்க் பேசும் பெரியவர்களும் ஸ்பானிஷ் அறிந்தவர்களே. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலும் பொது இடத்திலும் ஒடுக்கப்பட்ட மொழி பாஸ்க். 1979இல் தன்னாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் ஸ்பானிஷுக்கு இணையான ஆட்சிமொழி ஆனது. அதனால் மொழிப்பற்று இங்கே ஆழமானது. அந்தப் பற்றை வெளியூர் மாணவியிடம் காட்டிக் கோபித்துக்கொண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நீ 'கைஷோ' என்று வணக்கம் சொல்லி நுழைந்து, 'எஸ்கெர்ரிக் அஸ்கோ' என்று நன்றி சொல்லிக் கிளம்பினால் போதும், நடுவில் எவ்வளவு தப்பான ஸ்பானிஷ் பேசினாலும் மன்னித்துவிடுவார்கள்.

விடைபெறும்போது 'அகுர்' என்பார்கள். நான் வந்த புதிதில் அதை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கடைக்குள் நுழைந்ததும் உரக்க 'அகுர்' என்றேன். வாசலருகே நின்ற கிழவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவருக்கும் எனக்கும் அன்றைக்குப் பொதுவாக இருந்த சொற்கள் பத்துக்கு மேல் இருக்காது. ஆனால் அரை மணி நேரம் பேசினோம்.

உன் ஸ்பானிஷ் குழம்பும் என்றால் அது வேறு காரணத்தால்தான். இந்தப் பக்கத்து ஸ்பானிஷிலேயே ஒரு கோணல் உண்டு. "என்னிடம் பணம் இருந்தால்" என்பதற்கு உன் ஆசிரியர் 'சி துவியெரா' என்று சொல்லிக்கொடுப்பார். இங்கே பலரும் 'சி தெந்த்ரியா' என்பார்கள். காதில் வாங்கிக்கொள், தேர்வில் எழுதிவிடாதே, சிவப்பு மை விழும்.

பயிற்சிக்கு இந்த ஊர் ஏன் நல்லது என்றால், அங்கே சாப்பாடே பேசினால்தான் கிடைக்கும். பழைய நகரத்தில் தெருவெங்கும் பார்கள். பார் என்றதும் நம் ஊர் மதுக்கடையை நினைக்காதே. பாட்டி, பேரன், தள்ளுவண்டிக் குழந்தை எல்லாரும் வருவார்கள், தனியாகப் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேடை முழுவதும் தட்டுத் தட்டாகப் பின்ச்சோ அடுக்கியிருப்பார்கள். ரொட்டித் துண்டின் மேல் எதையாவது வைத்துக் குச்சி குத்திய சிற்றுண்டி அது. ஆனால் நல்ல பண்டம் பெரும்பாலும் மேடையில் இருக்காது. சுவரில் உள்ள பலகையில் எழுதியிருப்பதைக் கேட்டால், அடுப்பிலிருந்து சுடச்சுட வரும். விரல் நீட்டி வாங்குகிறவன் ஆறியதைத் தின்பான், வாய் திறந்து கேட்கிறவனுக்குச் சூடானது. ஒரு கடையில் ஒன்று, அடுத்த கடையில் இன்னொன்று என்று நகர்வதுதான் வழக்கம். ஆக, ஒரே இரவில் ஐந்து முறை கேட்டு வாங்க வேண்டும், ஐந்து முறை காசு கொடுக்க வேண்டும். 'மே போனெஸ்' (எனக்குத் தருகிறாயா), 'குவாந்தோ புவேதாஸ்' (முடியும்போது), 'மே கோப்ராஸ்' (காசு எடுத்துக்கொள்கிறாயா): இந்த மூன்றும் நாக்கில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டினாய்.

பரிமாறுபவரை 'உஸ்தெத்' என்று அழைக்காதே. நீ, நீங்கள் என்ற நம் வழக்கம் ஸ்பானிஷில் 'து', 'உஸ்தெத்' என்று இருப்பதால், நாம் பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் 'நீங்கள்' போடுவோம். பார்க்காரருக்கு அது மரியாதையாகத் தோன்றாது, விலகி நிற்பதாகத் தோன்றும். எனக்கு இது பழக இரண்டு வருடம் ஆயிற்று. வயதானவரை ஒருமையில் அழைக்க நாக்கு இன்றும் கூசுகிறது.

உன்னைப் பார்த்ததும் சிலர் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். 'எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ', கற்றுக்கொண்டிருக்கிறேன், என்று சொல்லிவிட்டு விடாமல் ஸ்பானிஷிலேயே நில். அதற்கும் மசியாவிட்டால் பழைய நகரத்தை விட்டு ஆற்றைக் கடந்து கிரோஸ் பகுதிக்குப் போ. கூட்டம் மொய்க்கும் இரவு ஒன்பது மணிக்குப் போகாமல் ஏழரைக்கே போனால், உன் திக்கலைக் கேட்க அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

'மே குஸ்தா' புரியவில்லை, "நான் காபியை விரும்புகிறேன் என்று ஏன் நேராகச் சொல்வதில்லை" என்றும் கேட்டிருந்தாய். ஆங்கிலம் வழியாகப் போனதால் வந்த வினை. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். எனக்கு, உனக்கு என்று நாம் பிறந்ததிலிருந்து சொல்வது. வினை முடிவிலேயே ஆள் தெரிவதால் 'நான்' என்று தொடங்க வேண்டியதில்லை என்பதும் அப்படியே. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்று அழுத்தி உருட்டினால் நாய். சின்ன ர, பெரிய ற வேறுபாட்டை வாயில் வைத்திருப்பவர்களுக்கு இது சிரமமே இல்லை.

பாஸ்க்கில் இதைவிட வேடிக்கை. வீடு 'எச்செ', வீட்டுக்கு 'எச்செரா', வீட்டிலிருந்து 'எச்செத்திக்'. வேற்றுமை உருபு நம்மைப்போலவே பின்னால் ஒட்டுகிறது. தாய்க்கு 'அமா', ஆணுடைய சகோதரனுக்கு 'அனாயா'. உடனே "பாஸ்க் தமிழிலிருந்து பிறந்தது" என்று கிளம்பிவிடாதே, தங்கை. அப்படிச் சொல்லும் நம்மவர்கள் ஏராளம். எந்த மொழிக்குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி அது. தற்செயல் ஒற்றுமையை ரசித்துவிட்டு நகர்வதே நமக்கு மரியாதை. இங்கே பாஸ்க் வழிப் பள்ளியில் படிக்கும் என் மகளிடம் நான் ஒருமுறை இந்தப் பட்டியலை நீட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாப்பாடு. 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் ஏமாறுவாய். பலருக்குக் கார்னே என்பது மாட்டிறைச்சித் துண்டம். பன்றித்தொடைச் சீவலும் சூரை மீனும் அந்தக் கணக்கில் வராது. 'என்சலாதா மிக்ஸ்தா' என்று சாலட் கேட்டாலும் மேலே சூரை மீன் வரும். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' (இறைச்சி, மீன், பன்றித்தொடை இல்லாமல்) என்று மூன்றையும் சொல். உருளைக்கிழங்கு தோர்த்தியா (முட்டை அடை), வதக்கிய காளான், இதியாசபால் ஆட்டுப்பால் சீஸ், எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவிய கெர்னிகா மிளகாய் ஆகியவை உனக்குக் கிடைக்கும். அந்த மிளகாய் பார்க்கத்தான் நம் பச்சை மிளகாய், காரமே இருக்காது. பழைய நகரத்தில் 'லா வின்யா' என்ற கடையின் மேல் கருகிய சீஸ் கேக்கை மறக்காதே. உலகமெல்லாம் இப்போது 'பாஸ்க் சீஸ் கேக்' என்று விற்பதன் பிறப்பிடம் அதுதான். ஒலிவ காய், ஊறுகாய் மிளகாயோடு உப்பு நெத்திலியைக் குச்சியில் கோத்த 'ஹில்தா'வை நீ தொட முடியாதே என்று மட்டும் எனக்கு வருத்தம். நெத்திலியைக் கருவாடாகவே அறிந்து வளர்ந்தவன் நான், முதல் கடியிலேயே ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சுற்றிப் பார்க்க என்று பெரிய பட்டியல் தேவையில்லை. பிறைபோல வளைந்த லா கோஞ்ச்சா வளைகுடாக் கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நட. மேற்கு முனையில் சில்லிதா என்னும் சிற்பி உருவாக்கிய 'காற்றின் சீப்பு', பாறையில் பதித்த மூன்று எஃகுப் பிடிகள், 1970களில் அமைத்தது. அலை பலமான நாளில் தரையிலுள்ள துளைகள் வழியாகக் காற்றும் நீரும் சீறிக்கொண்டு எழும். பக்கத்திலேயே 1912 முதல் ஓடும் கயிற்று ரயிலில் இகெல்தோ குன்றேறினால் முழு வளைகுடாவும் கண்ணில் விழும். பழைய நகரத்துக் கோன்ஸ்தித்துசியோன் சதுக்கத்தில் பால்கனிகளுக்கு எண் போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அங்கே காளைப்போர் நடந்தபோது பார்வையாளர் இருக்கைகளுக்கு இட்ட எண்கள் அவை. அருகில் '31 ஆகஸ்ட்' தெரு: 1813இல் அந்த நாளில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைப் பிடித்த ஆங்கில, போர்ச்சுகீசியப் படைகள் கொள்ளையிட்டு ஊருக்குத் தீ வைத்ததாம், மிஞ்சியது ஏறக்குறைய அந்த ஒரு தெரு.

ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழா, செப்டம்பர் இறுதியில் திரைப்பட விழா; அந்த நாட்களில் அறை வாடகை எகிறும், தவிர்த்துவிடு. எந்த மாதம் போனாலும் 'சிரிமிரி' என்னும் பூந்தூறல் வரும். குடை எடுத்துப் போகாதே, கடற்காற்று அதைத் திருப்பிப்போட்டுவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு போதும். நான்காம் நாள் பொழுது மிஞ்சினால் 'தோப்போ' என்கிற சின்ன ரயிலில் ஏறு, முக்கால் மணிக்குள் பிரான்ஸின் எந்தாயா வந்துவிடும். எல்லையில் சில நாள் போலீஸ் சோதனை இருக்கும், பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போய்விடாதே.