சாக்கடைத் தண்ணிக்கு ஒரு படிப்பா?

பவானி ஆற்றங்கரை ஊரிலிருந்து போன வாரம் ஒரு அம்மா, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு மகளோடு என்னிடம் வந்தார். பிளஸ் டூ முடித்த பெண். நீட் கைகூடவில்லை. "தோட்டத்த வித்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேத்திருங்க அண்ணி" என்று கொழுந்தனார் நெருக்குகிறாராம். முழு நேரமும் அம்மாவே பேசினார். பெண்ணிடம் ஊரில் எங்கே போய் நிற்பாய் என்று கேட்டேன். "சாக்கடை ஆத்துல கலக்கற இடத்துலங்க சார். அதுக்கு மேல கெண்டைக்குஞ்சு மொய்க்கும், கீழ ஒண்ணுகூட இருக்காது. ஏன்னு தெரியணும்."

அம்மா, இனி உங்களுக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. தோட்டத்தை விற்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பல்ல. அதில் ஆசையே இல்லாத பிள்ளைக்காக நிலத்தை விற்பதுதான் மோசம். மறுபடி நீட், பி.எட்., வங்கித் தேர்வு என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் மகள் கேட்ட 'ஏன்' ஒரு தொழில். சாக்கடையிலுள்ள கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. அதே பாக்டீரியாக்களை ஆற்றுக்கு வரும் முன்பே ஒரு தொட்டியில் வளர்த்து, புளோயரால் காற்று ஊதி, தின்று முடிக்க வைப்பதுதான் சுத்திகரிப்பு நிலையம். 1914இல் மான்செஸ்டரில் இரண்டு வேதியியலாளர்கள் வெளியிட்ட முறை. இன்றும் பல ஊர்களில் அதுதான் ஓடுகிறது.

நன்றாக ஓடும் தொட்டி காபிப்பொடி நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண் வாசம் வரும். கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. கெமிஸ்ட் தினமும் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அந்தக் கலவையை ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். கசடு எவ்வளவு இறங்கியது, மேல்நீர் தெளிந்ததா என்று பார்த்தே அன்றைய ஓட்டத்தைக் கணிப்பார். பிறகு பி.ஓ.டி. சோதனை, அதாவது கழிவைத் தின்ன பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு: 300 மில்லி குப்பி, 27 டிகிரி, மூன்று நாள். எவ்வளவு ஆக்சிஜன் காலியானது என்பதே கணக்கு. வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் வரும். சுத்திகரித்து வெளியே விடும் நீருக்கு, பெருநகரம் அல்லாத ஊர்களில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கை வைத்த வரம்பு 30. அந்த எண்ணைக் காப்பவர்தான் கெண்டைக்குஞ்சைக் காப்பவர்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது நுண்ணுயிரியல். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அதன்பின் எம்.எஸ்சி. முடித்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆளெடுக்கும்போது சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள், சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. திருப்பூர் பக்கத்தில்தானே இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான், சம்பளம் குறைவு, ஷிப்ட் உண்டு. அதனால்தான் இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கவே கூடாது என்கிறேன். தனியார் கல்லூரி விளம்பரத்தில் 'என்விரான்மென்ட்' என்று கண்டு லட்சங்களைக் கொட்டினால் என்னிடம் வந்து அழாதீர்கள்.

"சாக்கடை வேலைன்னா மாப்பிள்ளை வருவானுங்களா?" என்று கேட்டீர்கள். சாக்கடைக் குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் மகளுடையது ஆய்வக வேலை. அதையும் கேவலமாகப் பார்க்க வைப்பது நாற்றமல்ல, சாதிப் புத்தி. அதற்குப் பயந்து பிள்ளையின் படிப்பை மாற்றச் சொன்னால் நான் உடன்பட மாட்டேன்.

கொழுந்தனாரைச் சனிக்கிழமை கூட்டி வாருங்கள். பக்கத்து ஊர் நிலையத்தில் அனுமதி கேட்டு வைக்கிறேன். அந்த உருளை முன் அவரும் அரை மணி நேரம் நிற்கட்டும். விளக்கம் உங்கள் மகள் சொல்லுவாள்.