கருவாட்டில் பூக்கும் பூஞ்சை நம் உடம்பிலும் வளருமா?

பாம்பனில் கருவாடு காயவைக்கும் ஒருவர், கருவாட்டில் பூக்கும் பூசணம் மனித உடலிலும் பிடிக்குமா என்றும், நோய் தரும் பூஞ்சைகள் உடலுக்கு எவ்வாறு பழகுகின்றன என்றும் கேட்டிருக்கிறார். கருவாட்டுப் பூஞ்சை பொதுவாக உடலில் பிடிப்பதில்லை. உப்பைத் தாங்கினாலும், நமது 37 பாகை செல்சியஸ் வெப்பத்தைப் பெரும்பாலான பூஞ்சைகளால் தாங்க முடியாது. (பூசணம் பூத்த கருவாட்டை உண்ணலாம் என்பது இதன் பொருளன்று.)

அத்தடையைத் தாண்டியவற்றுள் கிரிப்டோகாக்கஸ் குறிப்பிடத்தக்கது. புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும் இது, நுரையீரலை அடைந்ததும் தன்னைச் சுற்றித் தடித்த சர்க்கரை உறையை வளர்த்துக்கொள்வதால், விழுங்க வரும் வெள்ளணுக்கள் திணறுகின்றன. மண்ணில் அமீபாக்களிடம் தப்பிப் பிழைத்த பழக்கமே இங்கும் உதவுகிறது என்ற ஆய்வாளர் கருத்து எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அவ்வாறெனில் மனிதரைத் தாக்குவது அதன் நோக்கமன்று, தற்செயலே.

படர்தாமரைப் பூஞ்சையோ உள்ளே நுழைய முயல்வதே இல்லை. தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கும் நொதிகளைச் சுரந்து, மனிதரிடமும் கால்நடைகளிடமும் மேற்பரப்பிலேயே வாழ்கிறது. ஈர உடையுடன் நெடுநேரம் வலை இழுப்போரின் தொடையிடுக்கு அதற்கு மிகவும் உகந்த இடம்.

கடலோரத்தார் கவனிக்க வேண்டிய மற்றொன்று கேண்டிடா ஆரிஸ். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட, வெப்பத்தையும் உப்பையும் தாங்கும் இந்தப் பூஞ்சை, அந்தமானின் உவர்ச் சதுப்பிலும் கடற்கரையிலும் கண்டெடுக்கப்பட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்கு கிடைத்த மாதிரிகளுள் மருந்துக்குக் கட்டுப்பட்ட ஒரு வகை, உடல் வெப்பத்தில் மற்றவற்றைவிட மெதுவாகவே வளர்ந்தது; அதாவது, அது உடல் வெப்பத்துக்கு இன்னும் முழுதாகப் பழகாததாக இருக்கலாம்.