நோயாளிகிட்ட எப்படிப் பேசணும்னு டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு கிளாஸ் எடுத்து கத்துக்கொடுக்க முடியுமா?

நீங்க எம்பிபிஎஸ் படிக்கிறீங்கன்னு நெனச்சு எழுதுறேன், ஏட்காம் கிளாஸ்ல (டாக்டரோட நடத்தை, நெறிமுறை, பேசுற முறை சொல்லிக்கொடுக்குற பாடம்) உக்காந்து கடுப்பாகித்தான் கேட்டிருப்பீங்க. முடியும். எனக்கு யாரும் கத்துக்கொடுக்கல.

2014, நான் சிஆர்ஆர்ஐ, அதாவது பயிற்சி டாக்டர், சர்ஜரி வார்டு. கட்டட வேலை பாக்குறவர், சுகர் புண்ணு, கால் சுண்டுவிரல் கருத்துப்போச்சு. விரல எடுக்குற ஆபரேஷனுக்கு கன்சென்ட், அதாவது சம்மதக் கையெழுத்து, வாங்க என்னை அனுப்பினாங்க, எனக்கு இன்னும் பதினாலு பெட்டுக்கு ரத்தம் எடுக்கணும், நின்னுகிட்டே "ஆம்புடேஷன் பண்ணணும், இல்லன்னா மேல ஏறும், கையெழுத்துப் போடுங்க"ன்னேன். "எடுத்துட்டா சாரத்துல ஏற முடியுமா டாக்டரம்மா?"ன்னார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ஐயா"ன்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். ராத்திரி பெட் காலி. கேஸ் ஷீட்ல அப்ஸ்காண்டட்னு, சொல்லாமப் போயிட்டார்னு, எழுதினதும் நான்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு புண்ணுல இருந்த கிருமி உடம்பு பூராத் தாக்கி, செப்சிஸோட தூக்கிட்டு வந்தாங்க, முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு. அவர் சம்சாரம் சொன்னாங்க, "ஒரு விரல்தான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பாரும்மா, காலையே எடுக்கப்போறாங்கன்னு பயந்துட்டாரு." விரல்ங்கிற வார்த்தையவே நான் சொல்லல.

சுகர் கண்ட்ரோல் இல்லாதவர், எப்படியும் கால் போயிருக்கும்னு சீனியர்ஸ் சொல்வீங்க. இருக்கலாம். ஆனா அவர் ஓடினது புண்ணுக்குப் பயந்து இல்ல, நான் பேசினதுக்குப் பயந்து.

ஏட்காம் 2018ல மெடிக்கல் கவுன்சில் கொண்டுவந்தது, 2019 பேட்ச்ல இருந்து நடக்குது. இப்போ நானே எடுக்குறேன். கெட்ட சேதி சொல்ல ஸ்பைக்ஸ்னு ஆறு படி இருக்குல்ல, அதுல ரெண்டாவதுலதான் ரொம்ப நேரம் நிப்பேன். நாம சொல்றதுக்கு முன்னாடி அவர் என்ன நெனச்சுட்டிருக்கார்னு கேக்குறது. சொல்லி முடிச்சப்புறம் "வீட்டுல கேட்டா என்னன்னு சொல்வீங்க?"ன்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கணும். இதத் தமிழ்ல பண்ணச் சொன்னா நல்ல மார்க் வாங்குற பசங்களுக்கே நாக்கு ஒட்டிக்குது, ரோல் பிளே எல்லாம் இங்கிலீஷ்லயே பழகியிருக்காங்க.

இன்னொன்னு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், அந்த வருஷம் பொண்ணுங்க டியூட்டி ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டு மூணு தடவ லெட்டர் கொடுத்தோம், போஸ்டிங் முடியுற வரைக்கும் போடல. கதவுக்கு சேரை முட்டுக் கொடுத்துட்டுத் தூங்கினவங்ககிட்டதான் காலைல கனிவாப் பேசுன்னாங்க. இத சாக்காச் சொல்லல, எனக்கு இன்னமும் ஆறல.

கிளாஸ கட் அடிக்காதீங்க. அடுத்த கன்சென்ட்டுக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டு உக்காந்து எந்த விரல்னு தொட்டுக் காட்டிச் சொல்லுங்க.