வைரஸ் படிப்பு என்றதும் அஞ்ச வேண்டுமா? தேவிபட்டினத்துத் தந்தைக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் நர்சிங் வேண்டாம், நுண்ணுயிரியல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், வைரஸோடு பழகும் படிப்பு எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பிள்ளை சொல்லும் வைரஸ் மனிதரைத் தொற்றுவதன்று; பாக்டீரியாவை மட்டுமே தொற்றும் ஃபேஜ். அவற்றுள் சில, நுழைந்த கையோடு பாக்டீரியாவை உடைத்துவிடாமல், தம் டி.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு இணைத்துக்கொண்டு, அது பெருகும்போதெல்லாம் தாமும் நகலாகித் தலைமுறைகளாகக் குடியிருக்கும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எஸ்தர் லெடர்பெர்க் 1951இல் அறிவித்த லாம்டா என்னும் ஃபேஜ் இவ்வகையில் பெயர்பெற்றது.

இறால் தொழிலில் இருக்கும் தங்களுக்கு இது தொலைவான சங்கதியன்று. குஞ்சு பொரிப்பகத்தில் விளக்கை அணைத்ததும் நோயுற்ற குஞ்சுகள் இருட்டில் பச்சையாக மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான விப்ரியோ ஹார்வேயி என்னும் பாக்டீரியாவிலும் இப்படிக் குடியேறிய ஃபேஜ்கள் கண்டறியப்பட்டுள்ளன. அதன் உறவினமான காலராக் கிருமிக்கு நச்சு மரபணுவைக் கொடுத்ததே ஒரு ஃபேஜ்தான் என்று வால்டர், மெக்கலனோஸ் என்னும் ஆய்வாளர்கள் 1996இல் காட்டினார்கள். ஆகவே, ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகத் தொட்டியில் ஃபேஜ் விடுவதென்றால், உடைத்துவிட்டுப் போகும் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; குடியேறும் வகையை விட்டால் நோய்க்கு நாமே ஆயுதம் கொடுத்ததாகிவிடும். இதைப் பிரித்தறியத் தெரிந்தவர்களுக்கு நம் கடற்கரைப் பகுதியில் வேலை இருக்கிறது.

ஆனால் பி.எஸ்சி. மட்டும் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதோடு நிறுத்தினால் பெரும்பாலும் சிறு சம்பள ஆய்வகப் பணிதான். எம்.எஸ்சி.யும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் என்று கணக்கிட்டு, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) அல்லது கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். அவ்வளவு காலம் தாங்காது என்றால், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டப்படிப்பான பி.எஃப்.எஸ்சி.க்கு விண்ணப்பியுங்கள், அதற்கு நீட் தேவையில்லை, மீன், இறால் நோயியலும் பாடத்தில் உண்டு. தங்கள் தொழிலையும் பார்க்கும்போது எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

பி.எஸ்சி.தான் என்று பிள்ளை உறுதியாக நின்றால், கல்லூரியின் விளம்பரப் பலகையைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டில் உடைக்கும் ஃபேஜ் தெளிந்த வட்டத்தையும், குடியேறும் ஃபேஜ் கலங்கிய வட்டத்தையும் விடும்; அந்தத் தட்டை மாணவர்கள் தம் கையால் தயாரித்துப் பார்க்கிறார்களா, ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று அங்கு படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.