சத்தமில்லாத பிள்ளைகள்

கேள்வி: ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வெளியே மழை. 5, 9, 12 வயதில் மூன்று பிள்ளைகள். கார்ட்டூன் படம் போட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் பயமில்லாமல் பார்க்கக்கூடிய அனிமேஷன் படங்களின் பட்டியல் தருவீர்களா? படம் முடிந்ததும் அதன் நீதியைச் சொல்லி ஜெபிக்கலாம் என்றிருக்கிறோம். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அவருக்குப் படுக மொழியும் கொஞ்சம் தமிழும் தெரியும், ஆங்கிலம் தெரியாது.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, பட்டியல் இருக்கட்டும். 'சத்தமில்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். கோத்தகிரி மழையில் மூன்று பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது லேசான காரியமில்லை. சோறு வடிக்கும் வரை கொஞ்சம் அமைதி வேண்டும் என்பதற்காகப் படம் போட்டால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதற்குக் குடும்பமாகப் படம் பார்ப்பது என்று பெயர் வைக்காதீர்கள். குடும்பமாகப் பார்க்கிற வீட்டில் சத்தம் இருக்கும். 'அவன் ஏம்மா அழுறான்?', 'அவங்க அம்மா செத்துட்டாங்களா?', 'இது பைபிள்ல இப்படி இல்லையே!' இதையெல்லாம் 'உஷ்' என்று அடக்கிவிட்டு, எழுத்து ஓடும்போது 'இப்பப் பேசுங்க' என்றால் பிள்ளை என்ன பேசும்? ஐந்து வயதில் எழும் கேள்விக்கு ஆயுள் அரை நிமிடம். ரிமோட்டை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, அந்த அரை நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று முறை நிறுத்தலாம். அதற்கு மேல் போனால் பெரியவன் எரிச்சலில் எழுந்து போய்விடுவான்.

பட்டியல் நான் தரமாட்டேன். இந்தப் பக்கத்தில் இது பழைய சண்டை. மந்திரம் வந்தால் தள்ளுபடி, வராவிட்டால் பாதுகாப்பு என்று ஒரே சல்லடையால் எல்லாவற்றையும் சலிக்கிறவர்களோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. 'ஃப்ரோஸன்' (2013) படத்தில் எல்சாவின் கையிலிருந்து பனி கொட்டுகிறது என்று தொலைக்காட்சியை அணைத்தவர்கள் அதன் முடிவைப் பார்த்திருக்க மாட்டார்கள். உறைந்து செத்துக்கொண்டிருக்கும் அன்னா, தான் பிழைக்க இருந்த வழியை விட்டுவிட்டு, அக்கா மேல் இறங்கும் வாளுக்குக் குறுக்கே போய் நிற்கிறாள். சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுக்கிற அன்பைச் சொல்லும் யோவான் 15:13-ஐ உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்க அந்த ஒரு காட்சி போதும்.

சல்லடையில் சுலபமாகத் தப்பிவிடுவது 'கோகோ' (2017). பாட்டு, பாட்டி, குடும்பப் பாசம், எல்லாம் இருக்கிறது. ஆனால் உயிரோடிருப்பவர்கள் மறந்துவிட்டால் இறந்தவர் அடியோடு இல்லாமல் போய்விடுவார் என்பதுதான் அந்தப் படம் சொல்வது. அங்கே நிறுத்த வேண்டும். நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் கத்தோலிக்க வீடானாலும், ஏற்றாத சி.எஸ்.ஐ. வீடானாலும் கேள்வி ஒன்றுதான்: பெயர்கூடத் தெரியாத நம் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா இப்போது யார் நினைவில் இருக்கிறார்? பிள்ளைகள் சொல்லி முடித்த பிறகு ஏசாயா 49:15-ஐ வாசியுங்கள். பெற்ற தாய் மறந்தாலும் கர்த்தர் மறக்கமாட்டார் என்கிறது அந்த வசனம். படத்தோடு நாம் ஒத்துப்போகாத இடம் அதுதான் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தானாகவே புரியும்.

அடுத்தது நீதி. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?' என்று கேட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்: கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லக் கூடாது, ஜெபிக்க வேண்டும். எந்தப் படத்துக்கும் இவை பொருந்தும், படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதற்குப் பதில் 'உனக்கு யார் மேல கோபம் வந்துச்சு?', 'எந்த இடத்துல கண்ணை மூடிக்கிட்ட?' என்று கேளுங்கள். சின்னது முதலில் பேசட்டும், அப்பா கடைசியில் பேசட்டும். அப்பா முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

உங்கள் வீட்டில், மோசேயின் கதையைச் சொல்லும் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' (1998) படத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். 99 நிமிடம். ஐந்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் உட்காராது, சனி பாதி, ஞாயிறு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். சுவரில் வரைந்த உருவங்கள் அசையத் தொடங்கி, பச்சைக் குழந்தைகளை முதலைகளுக்கு எறிகிற கனவு ஒன்று வரும். தலைச்சன்கள் சாகும் இரவும் வரும். அந்த இரண்டு இடத்திலும் சின்னது உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

கதையில் தாங்கள் கைவைத்திருப்பதைப் படம் எடுத்தவர்களே தொடக்கத்தில் எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள், மூலக்கதை யாத்திராகமத்தில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். படத்தில் குழந்தை மோசேயை ஆற்றிலிருந்து எடுப்பது ராணி. வேதத்தில் பார்வோனின் குமாரத்தி. இது சின்ன வித்தியாசம், ஒரு வரியில் கடந்துவிடலாம். மோசே அந்த எகிப்தியனைக் கொல்லும் இடம் அப்படியல்ல. படத்தில், கிழவரை அடிக்கிறானே என்று மோசே பதறி ஓடிவந்து தள்ள, காவலாளி சாரத்திலிருந்து கீழே விழுந்து சாகிறான், கிட்டத்தட்ட விபத்து மாதிரி. யாத்திராகமம் 2:12-இல் மோசே அங்குமிங்கும் பார்க்கிறான், யாரும் இல்லை என்று தெரிந்துகொள்கிறான், கொல்கிறான், மணலில் புதைக்கிறான். அவன் வனாந்தரத்துக்கு ஓடும் இடத்தில் சனிக்கிழமைக் காட்சியை நிறுத்திவிட்டு, 2:11 முதல் 15 வரை ஐந்தே வசனங்களைப் பெரியவனை வாசிக்கச் சொல்லுங்கள். 'படத்துல ஏன் மாத்தினாங்க?' என்று மட்டும் கேளுங்கள். கதாநாயகன் கையில் கறை படக்கூடாது என்று சினிமா பார்த்துப் பார்த்துச் செய்கிறது. வேதம் கறையோடு எழுதி வைத்திருக்கிறது, அந்த மனிதனைத்தான் தேவன் முட்செடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிட்டால் நீங்கள் ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். வாசிப்பைப் படத்துக்கு முன்னால் வைத்தால் காரியம் கெட்டுவிடும். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுத் தப்பு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

உங்கள் மாமியாரைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதல் வரிசையில் உட்காரவைப்பேன். ஆங்கிலப் படம் ஓடும்போது பாட்டி அடுக்களைக்குப் போய்விடுவது மலை வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் நடுவில் விழும் இந்த விரிசலைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுக்கவில்லை. இந்த மலைக்கு வந்த மிஷனரிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே படுக மொழியைக் கற்று, சுவிசேஷத்தை அதிலே அச்சடித்தார்கள். அதே மலையில் பேரன் தன் பாட்டியோடு ஒரு கதையைப் பகிர்ந்துகொள்ள மொழியில்லாமல் நிற்கலாமா? தமிழ் ஒலி இருந்தால் தமிழில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், இதுவரை நடந்ததைப் பெரிய பிள்ளை பாட்டிக்குப் படுகில் சொல்லட்டும். சொல்லும்போதே அவன் எதை விட்டான், எதைக் கூட்டினான், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வயது குறுக்கே புகுந்து திருத்தும். பாட்டி திருப்பிக் கேட்கும் கேள்விக்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லுவார்கள். அப்போது யாரையும் அடக்காதீர்கள்.